இங்கே ஆள் இருக்கு

திரையில் அந்தப் படம் விரிந்ததும், தான் வந்து உட்காரும் முன்பே யாரோ தன் நாற்காலியில் உட்கார்ந்து தன் வேலையைச் செய்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள் என்றுதான் செலினுக்குத் தோன்றியது. கட்டங்கள் ஏற்கெனவே போடப்பட்டிருந்தன. வானத்திலிருந்து எடுத்த சாம்பல் நிறப் படத்தில் அரிசிமணி அளவுக்குத் தெரிந்த மனிதர்கள் ஒவ்வொருவரையும் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு, மூலைகள் இறுக்கமாக, காலடியில் மட்டும் நிழலுக்கென்று கொஞ்சம் இடம் விட்டு. அப்படி இடம் விடுவது அவளுடைய பழக்கம். வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. "நிழலுக்கும் சேர்த்து வீடு கட்டுறியா?" என்று தோழி பமேலா ஒருமுறை கேலி செய்திருக்கிறாள்.

வெளியே காலை முற்றிவிட்டிருந்தது. ஆனாலும் வீட்டுக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில் எரியும் காட்டின் புகை ஒரு வாரமாக மலேசியாவின் இந்த ரெம்பியா ஊர் மீது இறங்கிப் படுத்திருந்தது. எதிர்வீட்டு இரும்புக் கதவு கோடுகோடாய்த் தெரிந்தது, அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. ஜன்னலிடுக்குகளில் ஈரத் துண்டு செருகியும் கரி வாசனை துணியில், தலையணையில், குடிக்கும் தண்ணீரில்கூட ஏறியிருந்தது. பறவைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. அவை இருந்த இடத்தில் ஒரு சத்தம் மட்டும் இருந்தது. உயரத்தில், மெலிதாக, தையல் இயந்திரத்தை யாரோ நிறுத்தாமல் மிதிப்பதுபோல. சில நேரம் தெற்கில் கேட்கும், சில நேரம் நேர் தலைக்கு மேல். நின்றுவிட்டது என்று நினைக்கும்போதுதான் அது நிற்கவில்லை என்பது தெரியும்.

செலின் இந்த வேலைக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. மலாக்கா டவுனில் இருக்கும் பமேலா, சர்ச்சில் பழக்கமானவள், வீட்டில் உட்கார்ந்தபடி செய்யலாம் என்று பிடித்துக் கொடுத்த வேலை. விமானம் எடுத்த படங்கள் வரும். மனிதர்களைக் கண்டுபிடித்துக் கட்டம் போட வேண்டும். வெறுங்கையோடு இருந்தால் பச்சை. கையில் நீளமான பொருள் இருந்து அது வானத்தை நோக்கி உயர்ந்திருந்தால் சிவப்பு. திறந்த வெளியில் தெளிவாகத் தெரிகிறவர்களுக்கு முதலில், மறைவில் இருப்பவர்களுக்குப் பிறகு. அவ்வளவுதான் விதி. "ஆளில்லாம தானாவே பறக்குற பிளேன் லா. அதுக்குப் பாக்கக் கத்துக் குடுக்குறோம். சின்னப் புள்ளைக்கு ஆனா, ஆவன்னா சொல்லிக் குடுக்குற மாதிரி" என்றிருந்தாள் பமேலா.

வேலை செலினுக்குப் பிடித்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. யாரோடும் பேசவேண்டியதில்லை, யார் முகமும் பார்க்கவேண்டியதில்லை. மேலேயிருந்து பார்க்கும்போது மனிதர்கள் சத்தமில்லாமல், சண்டையில்லாமல் இருந்தார்கள். ஆரம்பத்தில் ஒருமுறை, ஏதோ ஒரு காய்ந்த நாட்டில் கம்பைத் தூக்கிப்பிடித்து நின்ற ஒருவனுக்குப் பச்சை போட்டாள். தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டப்போகும் தன் புருஷன் பிரான்க்ளின் நிற்பதுபோலவே அவன் நின்றிருந்தான். படம் திரும்பி வந்தது. தவறு, சிவப்பு என்று குறிப்பு. அப்படி இன்னும் சில தவறு செய்தால் கணக்கை மூடிவிடுவார்கள் என்றாள் பமேலா. அதற்குப் பிறகு செலின் தவறு செய்யவில்லை. கை பழகிவிட்டது.

சில இடங்களின் படம் மறுபடியும் வரும். அதே வயல், அதே சுவர். முன்பு சிவப்புப் போட்ட இடத்தில் மண் கருத்து வட்டமாக இருக்கும். கட்டம் போட யாரும் இருக்கமாட்டார்கள். அப்போது "ஆள் இல்லை" என்ற பொத்தானை அழுத்த வேண்டும். குப்பை கொளுத்தியிருப்பார்கள் என்று அவள் நினைத்துக்கொள்வாள். அப்படி நினைக்க முடிந்ததை நினைத்து, பிறகு ராத்திரி படுத்ததும் கண்ணை மூடாமல் கிடப்பாள். தெரியாது என்று அவளால் சொல்ல முடியாது. தெரியும் என்றும் அவள் தனக்குத்தானே ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை.

இன்றைய படத்தில் கட்டங்களுக்கு நிறம் இல்லை. வெறும் வெள்ளைக் கோடு. காத்திருப்பது போல.

"செலின்! அடியே செலின்!"

பக்கத்து வீட்டு விஜயராணி அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் முகக்கவசத்தோடு நின்றிருந்தாள். ஒரு கையில் ஈரத்துணி வாளி.

"சத்தம் கேக்குதா உனக்கு? மண்டைக்குள்ள கொசு பூந்த மாதிரி இருக்கு. தூக்கமே போச்சு."

"மருந்து அடிக்கிற டிரோன்தானே அக்கா."

"இந்தப் புகையில எவன்டி மருந்து அடிப்பான்? புகை போறவரைக்கும் டிரோனே கெடையாதுன்னு தோட்டத்துல வேலை வாங்குற மண்டோர் சொல்லிட்டாராம். உன் வூட்டுக்காரு சொல்லலியா?"

ஒருவேளை பிரான்க்ளின் சொல்லியிருக்கலாம். அவன் பேசும்போது அவள் பாதி நேரம் கட்டங்களைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள்.

"என் கொழுந்தன் இருக்கான்ல, தங்கா பத்து கடலோரத்துல, மீன் புடிக்கிறவன்" என்று அக்கா குரலைத் தாழ்த்தினாள். "அவன் வலையில ஒண்ணு மாட்டிச்சாம். றெக்கை இருக்கு, மூக்கு இருக்கு, கண்ணாடி இல்ல. உள்ள சீட்டே இல்ல. வழுவழுன்னு, கண்ணே வைக்காம செஞ்ச மொகம் மாதிரி. யாரோ வந்து லோரில ஏத்திட்டுப் போயிட்டாங்க. இவன் சும்மா இருக்கமாட்டானே, பைலட் எங்கன்னு கேட்டிருக்கான். அதுதான்யா பைலட்டுன்னு சொல்லிட்டுச் சிரிச்சாங்களாம்."

"குடிச்சிட்டுச் சொல்லியிருப்பாரு."

"குடிச்சாத்தான் அவன் உண்மை பேசுவான்" என்று அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாய் மாறியது. வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

செலின் திரும்பி வந்து உட்கார்ந்தபோது படம் மாறியிருந்தது. அதே இடம்தான், கொஞ்சம் கிட்டே. வரிசை வரிசையாய் நட்சத்திரம் நட்சத்திரமாய் விரிந்திருந்தவை செடிகளல்ல, மரங்களின் தலைகள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. செம்பனை. இதுவரை வந்த ஒரு படத்திலும் செம்பனை இருந்ததில்லை. நடுவே ஒரு மண் சாலை. சாலையோரம் குலைகளைக் குவித்து வைக்கும் திறந்த இடம். ஒரு பள்ளத்துக் குளம், அதன் ஒரு கரை சரிந்து உள்ளே விழுந்திருந்தது.

அந்தக் கரை போன மழையில் சரிந்தது. பிரான்க்ளினின் மோட்டார் சைக்கிள் அதில் வழுக்கி விழுந்து, முழங்கை தேய்ந்து வந்திருந்தான்.

படத்தில் புகையே இல்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அங்கே ஒவ்வொரு மட்டையும் தெரிந்தது. மனிதர்கள் மட்டும் வெள்ளையாய், உள்ளேயிருந்து எரிவதுபோல் ஒளிர்ந்தார்கள். உடம்புச் சூட்டைப் பார்க்கிற கண். புகை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. குளத்தருகே நிறுத்தியிருந்த மோட்டார்களில் ஒன்றின் பின்னால், காய்கறிக் கூடையைக் கவிழ்த்துக் கட்டியிருந்தார்கள். அதைக் கட்டியவள் அவள். இன்று காலையில்.

அவள் விரல் தானாகப் பச்சையைத் தேடியது. முதல் கட்டத்தின் மீது அழுத்தினாள். நிறம் ஏறவில்லை. மறுபடி அழுத்தினாள். அடுத்த கட்டம். அதற்கடுத்தது. திரையின் கீழே ஒரு வரி வந்தது. உங்கள் உதவிக்கு நன்றி. இனி தேவையில்லை.

பமேலாவை அழைத்தபோது பின்னணியில் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"எந்தப் படம்?" என்றாள் பமேலா. "புரொஜெக்ட்தான் போன வாரமே முடிஞ்சிடுச்சே. குரூப்ல போட்டேனே, நீ பாக்கலயா? இனிமே ஆளுங்க வேணாமாம். அது தானா பாத்துக்குமாம் லா."

"எனக்கு வந்துக்கிட்டே இருக்கு பமேலா. நம்ம தோட்டம். பிரான்க்ளின் வேலை செய்யிற எடம்."

"வரவே முடியாது. எல்லா அக்கவுண்டையும் மூடிட்டாங்க."

"நான் இப்ப பாத்துக்கிட்டுதான் இருக்கேன்!"

பமேலா குழந்தைகளை அதட்டினாள். பிறகு கதவு சாத்தும் சத்தம். குரல் வேறு மாதிரி வந்தது. "செலின். லேப்டாப்ப மூடிட்டுப் போய்ப் படு."

"அந்தச் சிவப்ப வச்சு என்ன பண்ணுவாங்க? அத மட்டும் சொல்லு."

"மொத நாளே சொன்னேன்ல, அதக் கேக்காதன்னு" என்றாள் பமேலா, கிட்டத்தட்ட அழுகையாய். லைன் அறுந்தது.

செலின் திரையைப் பார்த்தாள். கட்டங்களுக்கு நிறம் இல்லை. குலை வெட்டும் கம்புகள் மரத்தில் சாய்ந்திருந்தன, தோளில் கிடந்தன. ஒன்றும் உயரவில்லை. உயராதவரை ஒன்றும் இல்லை. அப்படித்தானே அவள் கற்றுக்கொடுத்திருந்தாள்?

அப்போதுதான் அந்தச் சிவப்புத் துணி நினைவுக்கு வந்தது.

மருந்தடிக்கும் டிரோன்கள் போன வருடம் தோட்டத்துக்கு வந்தன. அவற்றை ஓட்டும் பையன் சாலையோரம் குடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பான். முதல் வாரமே குலை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் தலைமேல் மருந்து கொட்டியது. நாகமுத்து அண்ணனுக்கு ஒரு வாரம் கண் திறக்க முடியவில்லை. "அவனுக்கு மரம்தான் தெரியுது, மனுஷன் தெரியல" என்று சொல்லி ஒரு வழி கண்டுபிடித்தது பிரான்க்ளின்தான். சத்தம் கிட்டே வந்ததும் அவரவர் நீளக் கம்பை நேராக மேலே தூக்க வேண்டும். நுனியில் சிவப்புத் துணி. இங்கே ஆள் இருக்கு என்று அர்த்தம். ஒருவன் தூக்கினால் அதைப் பார்த்து அடுத்தவன், அவனைப் பார்த்து அதற்கடுத்தவன், வரிசை முழுதும் தூக்கிவிட வேண்டும், கேள்வியே கேட்கக்கூடாது. பையன் அதைப் பார்த்து டிரோனைத் திருப்பிவிடுவான். அதற்குப் பிறகு ஒருவர் தலையிலும் மருந்து விழவில்லை. பிரான்க்ளினுக்கு அதில் பெருமை. துணிக்காகத் தங்கள் பழைய மெத்தை விரிப்பைக் கொண்டுவந்து நீட்டியபோது, அவள்தான் பல்லால் கடித்துக் கிழித்துக் கொடுத்தாள்.

இப்போது தலைக்கு மேலிருந்த சத்தம் நகர்ந்தது. தோட்டத்துப் பக்கம்.

பிரான்க்ளினை அழைத்தாள், அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வியர்வையில் கெட்டுவிடும் என்று அவன் அதை மோட்டார் சீட்டுக்குக் கீழே போட்டுவிட்டுத்தான் வேலைக்கு இறங்குவான். குளத்தருகே, சீட்டுக்குக் கீழே, யாருக்கும் கேட்காமல் அது அடித்துக்கொண்டிருப்பதை அவள் மனதுக்குள் பார்த்தாள். நாகமுத்து அண்ணனுக்கு அடித்தாள். லைன் கிடைக்கவில்லை.

"அக்கா, மோட்டார் சாவி!"

"என்னாடி ஆச்சு? யாருக்கு என்ன?"

"சாவி குடுங்கக்கா!"

"ஏய், மாஸ்க்காச்சும் போட்டுக்கிட்டுப் போ..."

சாலை புகைக்குள்ளிருந்து அவ்வப்போது பிறந்துகொண்டிருந்தது. முன்விளக்கு வெளிச்சம் ஒரு முழத்துக்கு மேல் போகவில்லை. கண் எரிந்தது. எதிரே வந்த லோரி ஒன்று ஹார்ன் சத்தமாய் மட்டும் கடந்தது. தோட்டத்து வளைவில் தார்ச்சாலை முடிந்து மண் தொடங்கியதும் டயருக்குக் கீழே சத்தம் மாறியது. இரண்டு பக்கமும் மரங்கள் ஒவ்வொன்றாய் வந்து நின்று பார்த்துவிட்டுப் பின்வாங்கின. அழுகிய பழத்தின் எண்ணெய் வாசனை. ஈர மண். அவற்றுக்கு மேல் புகை. எல்லாவற்றுக்கும் மேல், அந்தத் தையல் இயந்திரம்.

மாதாவே, அவர் கையைத் தூக்காம பாத்துக்க. அது மட்டும்தான் அவள் ஜெபம். வேறு வார்த்தை வரவில்லை.

குலைகளைக் குவித்திருந்த இடத்தில் மோட்டார் சறுக்கியது. அவள் விழுந்து எழுந்தாள். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அவள் திறக்கவில்லை, ஆனால் திறந்திருந்தது. அதே படம். சாலை, குளம், திறந்த இடம். அந்தத் திறந்த இடத்தின் ஓரத்தில் புதிதாய் ஒரு வெள்ளைக் கட்டம். காலடியில் நிழலுக்கு இடம் விட்டு.

அவள் வலது கையை அசைத்தாள். கட்டத்துக்குள் அரிசிமணி அசைந்தது.

"பிரான்க்ளின்!"

குரல் புகையில் ஊறிப் போயிற்று. மரங்களுக்குள்ளே எங்கோ குலை ஒன்று தொப்பென்று விழுந்தது. யாரோ சிரித்தார்கள். நாகமுத்து அண்ணனின் சிரிப்பு. கிட்டேதான். ஆனால் எந்தப் பக்கம்?

"கம்பத் தூக்காதீங்க! யாரும் தூக்காதீங்க!"

மேலே சத்தம் இறங்கியது. மெல்லியதாக இருந்தது தடித்தது. புகை முழுதும் அதிர்ந்தது, பல்லுக்குள் அதிர்ந்தது. அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. இனி அவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்கும். கேட்டால் தூக்குவார்கள். பிரான்க்ளின் முதலில் தூக்குவான். சொல்லிக்கொடுத்தவன் அவன்.

திறந்த வெளியில் தெளிவாகத் தெரிகிறவர்களுக்கு முதலில்.

விதி அவள் வாய்க்குள் தானாக ஓடியது. அவள் சுற்றிலும் பார்த்தாள். குலைக் குவியல்மேல் உபரிக் கம்பு ஒன்று சாய்ந்து கிடந்தது. அலுமினியம், மூன்று ஆள் உயரம், நுனியில் அரிவாள், அரிவாளுக்குக் கீழே வெளுத்த சிவப்புத் துணி. யோசிக்கவில்லை. யோசிக்க நேரமில்லை. அது அவளை முதலில் பார்த்தால் போதும். அவளிடம் வந்தால் போதும். அதற்குள் அவர்கள் ஓடிவிடுவார்கள். ஏதாவது நடக்கும். என்னவோ.

திறந்த இடத்தின் நடுவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அடிக்கட்டையை மண்ணில் ஊன்றினாள். தோளைக் கொடுத்து நிமிர்த்தினாள். கனம். கம்பு எழுந்தது. புகைக்கு மேலே, அவள் பார்வைக்கு எட்டாத இடத்துக்கு, துணி போனது.

"இங்க பாரு" என்றாள், மேலே பார்த்து. "இங்க."

ஒரு கையால் கம்பை அணைத்துக்கொண்டு மறுகையால் போனைப் பிடித்தாள். அவளுடைய கட்டம் சிவந்தது.

அவள் ஒருத்திக்கு மட்டும். மற்றவை எல்லாம் வெள்ளை. பிடித்துவிட்டது. அவளைப் பிடித்துவிட்டது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. இங்கேயே இரு. இங்கேயே பார். என்னையே பார்.

படத்தின் ஓரத்தில் இன்னொரு கட்டம் சிவந்தது.

அதற்குப் பக்கத்தில் ஒன்று.

அவள் தலையை நிமிர்த்தினாள். காற்று ஒருமுறை அசைந்து புகையை விலக்கியது. அவளுக்கு நேர் எதிரே, இத்தனை கிட்டே, மரவரிசையின் விளிம்பில் நாகமுத்து அண்ணன் நின்றிருந்தார். அவள் கம்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டே தன் கம்பை நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். கேள்வியே கேட்காமல். மட்டைகளுக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை வரிசையாக, அவள் பல்லால் கிழித்த துணிகள் எழுந்தன.

"இறக்குங்க!"

உதடு மட்டும்தான் அசைந்தது.

வரிசையின் கடைசியில் பிரான்க்ளின். அவளை அடையாளம் கண்டுகொண்டான். இவள் எங்கே இங்கே என்று முகத்தில் ஒரு வியப்பு, உடனே ஒரு சிரிப்பு. கம்பை இரண்டு கையாலும் இன்னும் உயரத் தூக்கினான். மேலேயிருந்து பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று, இடமும் வலமுமாக, மெதுவாக, நன்றாகத் தெரியும்படி அதை ஆட்டிக்கொண்டிருந்தான்.

போனில் ஒரு வெள்ளைக் கட்டமும் மிச்சமில்லை. மேலே சத்தம் நின்றது.